மரத்தோலும் மீதித் துண்டும்



ஊர்ப் பெயரைச் சொன்னதும் கூடவே ஒரு விளக்கமும் சொல்ல வேண்டிய நிலை எங்களுடையது. மங்களூர் என்றால் பலரும் கர்நாடகக் கடற்கரையையும் அங்கிருந்து வரும் சிவந்த ஓடுகளையும் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் மங்களூர் கடலூர் மாவட்டத்தின் மேற்கே, விருத்தாசலத்துக்கு அப்பால், மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் வானம் பார்த்த பூமி. ஓட்டுத் தொழில் எங்களிடம் இல்லை. ஆனால் களிமண்ணைச் சுட்டுப் பீங்கானாக்கும் தொழிலால் பெயர் பெற்ற விருத்தாசலம் எங்களுக்குப் பக்கத்து நகரம். வீட்டு ஒலிப்பெட்டிக்கு எந்த மரத்தோலைப் போர்த்துவது என்ற சிறிய கேள்வியைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். அந்தக் கேள்வி எனக்குத் தெளிவானதில் அந்நகரத்துப் பீங்கானுக்கும் பங்கு உண்டு என்பதால் ஊரை முதலில் சொல்லிவிட்டேன்.

என் தாயாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. சுப்ஹுத் தொழுகைக்குப் பின் காரி அப்துல் பாஸித் (1927–1988) அவர்களின் கிராஅத்தைக் கேட்பது அவர்களுடைய நெடுநாள் வழக்கம். அத்தா இருந்தவரை டேப் ரெக்கார்டரில் கேட்டார்கள், பிறகு கைப்பேசியில். கைப்பேசிக்குள் இருக்கும் ஸ்பீக்கர் ஒரு விரல்நகத்தின் அளவுதான். ஆணின் பேச்சுக்குரலுக்கு அடிப்படையான அதிர்வு விநாடிக்கு ஏறக்குறைய 85 முதல் 180 வரை. அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப அந்தச் சிறு தகட்டுக்கு வலிமை கிடையாது. முதுமையில் காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளை. கைப்பேசி இழந்துவிடுவது தாழ்ந்த ஒலிகளை. இரண்டும் போக நடுவில் மிஞ்சியதைத்தான் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏம்ப்பா, இவரு குரலு தகர டப்பாக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கே" என்று ஒருநாள் சொன்னார்கள். குவைத்தில் இருக்கும் என் தம்பியின் காதுக்கு அது எட்டியது. அம்மாவுக்கு நல்ல ஒலிப்பெட்டி ஒரு ஜோடி வாங்க வேண்டும் என்று அவன் அன்றே முடிவு செய்துவிட்டான்.

முதலில் ஆயத்தப் பெட்டிகளைப் பார்க்கத்தான் போனோம். ஊரின் பெயரும் கடையின் பெயரும் இங்கே வேண்டாம். கடைக்காரர் பளபளப்பான ஒரு ஜோடியைக் காட்டி, "ஒரிஜினல் தேக்கு பாய்" என்றார். பெட்டிகளின் முகப்பில் அழகான மரவரிகள் ஓடின. நடுவே ஒரு கணுவும் இருந்தது. அதே கணு, அதே இடத்தில், அதே சுழிப்போடு பக்கத்துப் பெட்டியிலும் இருந்தது. அல்லாஹ் படைத்த இரண்டு இலைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. இரண்டு மரத்துண்டுகள் எப்படி இருக்கும்? பெட்டியின் மூலையைத் தடவிப் பார்த்தேன். மரமாக இருந்தால் முகப்பும் பக்கவாட்டும் சேரும் விளிம்பில் வரிகள் முடிந்து வேறு வரிகள் தொடங்க வேண்டும். இங்கோ வரிகள் துணி மடிவதுபோல் மூலையில் வளைந்து மறுபக்கம் போயின. அது மரமே அன்று. மரத்தின் படத்தை அச்சிட்ட வினைல் தாள். அதைச் சொன்னபோது கடைக்காரர் கோபப்படவில்லை. "எல்லாரும் இப்படித்தான் சொல்லி விக்கிறாங்க பாய்" என்றார். அந்தப் பெட்டியின் ஒலி மோசமில்லை, விலையும் அதிகமில்லை. வினைல் என்றே சொல்லியிருந்தால் ஒருவேளை வாங்கியும் இருப்போம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த செய்தியை மதரஸாவில் ஓதிய குழந்தைகள்கூட அறிவார்கள். மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்தது குவியல். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள் நாயகம் (ஸல்). நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை என்பதை நான் மாணவர்களிடம் எப்போதும் அழுத்திச் சொல்வேன். நனைந்ததை நனைந்தது என்றே விற்க வேண்டும்.

இந்த இடத்தில் கடைகளில் கிடைக்கும் மேற்பூச்சுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டுகிறவர்களுக்கும் உதவும். வினைல் என்பது அச்சிட்ட பிளாஸ்டிக் தாள். மைக்கா என்று நாம் சொல்வது பிசினில் ஊறிய காகித அடுக்குகளை அழுத்திச் செய்த கெட்டித் தகடு. அதிலும் மரவரி இருப்பது அச்சில்தான். வெனீர் என்பதோ உண்மையான மரம். பெரிய அடிமரத்தைக் கொதிநீரிலோ ஆவியிலோ பதப்படுத்தி, நீண்ட கத்தியால் காகிதம்போலச் சீவி எடுக்கிறார்கள். நம் ஊரில் சீவிய ஏடு பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம். அதை மெல்லிய பிளைவுட்டில் ஒட்டி 4 மி.மீ. கனமுள்ள, எட்டுக்கு நாலடி ஷீட்டாக விற்கிறார்கள். ஐ.எஸ். 1328 என்ற இந்தியத் தர நிர்ணயம் இவ்வகை அலங்காரப் பிளைவுட்டுக்கானது. வெனீரிலும் ஓர் உட்பிரிவு உண்டு. விரைவில் வளரும் மென்மரத்தைச் சீவி, சாயம் ஏற்றி, அடுக்கி, அழுத்திக் கட்டையாக்கி, மறுபடியும் சீவினால் வால்நட் போலவும் கருங்காலி போலவும் தோற்றம் வந்துவிடும். ரீகான் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். இதுவும் மரம்தான், ஆனால் சொல்லப்படுகிற மரம் அன்று. வரிகள் மிகவும் ஒழுங்காக, கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தைப்போல் இருந்தால் ரீகானா என்று கேட்டுவிடுங்கள். நல்ல கடைக்காரர் ஒளிக்க மாட்டார்.

"அப்படியானால் வெனீரே ஒரு வேஷந்தானே, ஹஜ்ரத்? உள்ளே மரத்தூள் பலகை, மேலே தேக்குத் தோல்" என்று ஒரு மாணவனின் தந்தை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு அப்போது விருத்தாசலத்துப் பீங்கான் நினைவுக்கு வந்தது. அங்கே தொழிற்பேட்டையில் பியூஸ் கேரியரும் பொம்மையும் விளக்கும் செய்கிறார்கள். இத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்க அரசுக் கல்லூரியும் இருக்கிறது. வெந்த களிமண் ஜாடியை அப்படியே விட்டால் நீர் கசியும், கறை பிடிக்கும். அதன்மேல் கண்ணாடி மெருகைப் பூசி மீண்டும் சூளையில் வைக்கிறார்கள். மெருகேறிய ஊறுகாய் ஜாடியைப் பார்த்து, இது மண்ணை ஒளிக்கிறது என்று எவரும் சொல்வதில்லை. ஜாடியின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள்: மெருகு படாத ஒரு வளையம் இருக்கும். சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க விடப்பட்ட இடம் அது. உள்ளே என்ன மண் என்பதை அது மறைக்காமல் காட்டிக்கொண்டே இருக்கிறது.

நம் சமுதாயத்தின் கைவினை வரலாற்றிலும் மரத்தோலுக்கு உயர்ந்த இடம் உண்டு. மொராக்கோ நாட்டின் மர்ராகுஷ் நகரத்துக் குத்துபிய்யா பள்ளிவாசலின் பெயரால் அறியப்படும் மிம்பர் ஸ்பெயினின் குர்துபாவில் 1137இல் செய்யத் தொடங்கப்பட்டது. அதன் உடல் தேவதாரு மரம். மேற்பரப்பு முழுவதும் எலும்பும் அரிய மரங்களும் மெல்லிய சில்லுகளாக்கிப் பதிக்கப்பட்டவை. இன்று அது அந்நகரத்தின் பதீஃ அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அரிய மரத்தைக் கட்டையாகச் செலவழிக்காமல் தோலாகச் செலவழிக்கும் சிக்கனத்தை அந்தத் தச்சர்கள் அறிந்திருந்தார்கள். கணக்கும் எளியது. ஓர் அங்குலப் பலகை ஒன்றுக்குச் செலவாகும் மரத்தில் அரை மில்லிமீட்டர் ஏடுகள் ஐம்பது கிடைக்கும். (மஸ்ஜிதுந் நபவியின் முதல் மிம்பர் காட்டில் வளர்ந்த அதல் என்னும் எளிய மரத்தால் மூன்று படிகளாகச் செய்யப்பட்டது என்பதையும் இங்கே மறந்துவிடக் கூடாது. இரண்டும் நம்முடைய மரபுதான்.)

ஒலிப்பெட்டியைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் இருக்கிறது. முழுத் தேக்குப் பலகையில் பெட்டி செய்வதே உயர்வு என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். கட்டை மரம் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும், மூட்டுகள் விட்டுக்கொடுக்கும். காற்றுக் கசியாமல் மூடியிருக்க வேண்டிய பெட்டிக்கு அது ஆகாது. எம்.டி.எஃப். என்னும் மரத்தூள் பலகைக்கு நீர் பகை. ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே சீரானது, கனமானது, விலை குறைந்தது. பிபிசி நிறுவனம் 1970களில் தன் ஒலிபரப்பு வண்டிகளுக்குள் பேச்சுக்குரலைச் சரிபார்ப்பதற்காக எல்.எஸ்.3/5ஏ என்ற சிறிய ஒலிப்பெட்டியை வடிவமைத்தது. அதன் உடல் 12 மி.மீ. பர்ச் பிளைவுட், மேலே மரத்தோல். ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் முதலிய நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தேக்கு, வால்நட், ரோஸ்வுட் என்று பலவகைத் தோல்களில் அதைச் செய்து விற்றன. தோல் மாறியதால் குரல் மாறவில்லை. அரை மில்லிமீட்டர் மரம் 18 மி.மீ. பலகையின் அதிர்வில் காதுக்குத் தெரியும் மாற்றம் எதையும் செய்துவிடாது. "தேக்குன்னா சவுண்டு இனிமையா இருக்கும்" என்று யாரேனும் அதிக விலை சொன்னால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். தோல் கண்ணுக்காக, அது ஒன்றும் குறைவான காரணமும் அன்று. பத்து இருபது ஆண்டுகள் நம் கூடத்தில் நிற்கப்போகிற பொருள் அல்லவா?

ஆகவே பெட்டியை நாமே செய்வித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தம்பி விடுமுறையில் வந்தபோது ஐந்து அங்குல ஸ்பீக்கர் இரண்டும், உச்ச ஒலிக்கான சிறிய ஸ்பீக்கர் இரண்டும், ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் பலகைகளும் கொண்டுவந்தான். பெட்டி ஒன்று 14 அங்குல உயரம், 8 அங்குல அகலம், 10 அங்குல ஆழம். உள்ளே ஏறக்குறைய 11 லிட்டர் காற்று. எங்கள் பகுதியில் நெடுநாளாகக் கதவு, ஜன்னல், அலமாரி செய்துவரும் ஆசாரி ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தேன். அவருடைய அளவுகோல் என்றுமே பிசகியதில்லை.

மரம் எது என்பதில்தான் வீட்டுக்குள் பேச்சு நீண்டது. தம்பிக்கு ரோஸ்வுட் மேல் ஆசை. நம் பக்கத்தில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லப்படும் அந்த மரத்தின் கருஞ்சிவப்பு யாரையும் இழுக்கக்கூடியதுதான். தமிழ்நாட்டில் அதை வெட்டுவதற்குக் கட்டுப்பாடு விதித்து 1994இல் தனிச் சட்டமே வந்தது. உலக வணிகத்திலும் 2017 முதல் அதன் இனம் முழுவதும் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறது. முறையாக வந்த வெனீர் வாங்குவதில் குற்றமில்லை. விலைதான் தேக்கைத் தாண்டி எங்கோ போய் நின்றது. வால்நட் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் கூடத்தில் இருப்பவை அத்தாவின் தேக்கு அலமாரியும் தேக்குக் கட்டிலும். அவற்றுக்கு நடுவே சாம்பல் கலந்த பழுப்பில் இரண்டு பெட்டிகள் விருந்தாளிகளைப்போல் நிற்கும். அம்மாவிடம் கேட்டேன். "சத்தம் நல்லா வந்தா போதும்ப்பா. ஆனா அத்தா அலமாரி பக்கத்துல வைக்கிறதுன்னா, அதோட ஒத்துப்போற மாதிரி பாரு" என்றார்கள். அதற்குமேல் விவாதம் தேவைப்படவில்லை.

தேக்கிலும் இரண்டு விதம். அடிமரத்தைச் சீவும் கோணத்தைப் பொறுத்து மலைமுகடு போன்ற வளைவுகள் வரும். அல்லது நேர்வரிகள் வரும். அகலமான கதவுக்கும் மேசைக்கும் முகடுகள் அழகு. எட்டு அங்குல, பத்து அங்குலப் பெட்டியில் பாதி முகடு வெட்டுப்பட்டு நிற்கும். பார்க்க ஏதோ குறைந்ததுபோல் இருக்கும். சிறிய பொருளுக்கு நேர்வரியே மேல் என்பது என் துணிபு.

சூரத்துல் அஃராஃபின் 31ஆம் வசனத்தில் அல்லாஹ் அலங்காரத்தை எடுத்துக்கொள்ளும்படி ஆதமின் மக்களுக்குச் சொல்கிறான். அதே வசனத்தின் முடிவில் வீண்விரயத்தைத் தடுக்கிறான். அடுத்த வசனத்தில், தான் அளித்த அலங்காரத்தைத் தடை செய்தவர் யார் என்று கேட்கிறான். இம்மூன்றையும் அடுத்தடுத்து ஓதும்போதெல்லாம் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று யோசித்திருக்கிறேன். இந்தமுறை அந்த எல்லை சதுர அடிக் கணக்கில் வந்து நின்றது. ஒரு வெனீர் ஷீட் 32 சதுர அடி. இரண்டு பெட்டிகளுக்கும் அடியையும் முதுகையும் விட்டால் தேவை சுமார் ஆறரைச் சதுர அடி. வெட்டுச் சேதாரம் சேர்த்தாலும் பத்தைத் தாண்டாது. மீதி 22 சதுர அடித் தேக்கைப் பரண்மேல் ஏற்றிக் கரையானுக்குக் கொடுப்பதா?

ஆசாரியிடம் இதைச் சொன்னேன். அவர் பட்டறையின் மூலையிலிருந்து இரண்டு நீண்ட பட்டைகளை எடுத்து வந்தார். ஒவ்வொன்றும் எட்டடி நீளம், ஓரடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். நேர்வரித் தேக்கு. பின்புறம் அடுத்தடுத்த எண்கள்: ஒரே அடிமரத்திலிருந்து வரிசையாகச் சீவப்பட்ட ஏடுகள். "வெளியூர்ல ஒரு வீட்டுக்குக் கதவு செஞ்சேன் அஜரத். ஏழுக்கு மூணு கதவு. ஷீட்டுல இது மிஞ்சிடுச்சு. இடது பெட்டிக்கு ஒண்ணு, வலது பெட்டிக்கு ஒண்ணு. கூடப் பொறந்ததுங்க மாதிரி இருக்கும். கடையில தேடினாலும் இப்படி அமையாது. ஒட்டுக்கூலி மட்டும் குடுங்க" என்றார்.

உண்மையிலேயே அது நல்ல ஜோடி. ஜோடிப் பெட்டிகளில் இரண்டும் அடுத்தடுத்த ஏடுகளாக இருப்பதுதான் முழு அழகும். தனித்தனி மரத்திலிருந்து வந்தால் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று சிவப்பாகவும் நிற்கும். நான் பட்டைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "ஷீட்டு யாரு வாங்கினது, அண்ணே?"

"வீட்டுக்காரர்தான்."

"இது அவருக்குத் தெரியுமா?"

"மீதித் துண்டு பட்டறைக்குத்தான் அஜரத். எப்பவும் அப்படித்தானே?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. தையல்காரரிடம் மிஞ்சும் துணி, கொத்தனாரிடம் மிஞ்சும் கம்பி, ஆசாரியிடம் மிஞ்சும் மரம் ஆகியவற்றைப் பற்றி எல்லா ஊரிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஊர் வழக்கத்துக்கு நம் ஃபிக்ஹ் சட்டத்திலும் இடம் உண்டு. ஹனஃபி நூல்களைக் கற்பிக்கும் நான் அதை மறுக்க முடியாது. இரண்டங்குலச் சில்லும் மரத்தூளும் யாருக்கு என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் எட்டடிப் பட்டை சில்லு ஆகுமா? பொருளுக்கு உரியவர் அறிந்து விட்டுக்கொடுப்பதும், அறியாமல் இழப்பதும் ஒன்றா? அறியாத நிலையில் அது அமானிதம்தான் என்றே எனக்குப் பட்டது. அதிலும் அந்தப் பெட்டிகளிலிருந்து எழப்போவது இறைவேதம். இதை ஆசாரியிடம் உபதேசமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் எனக்கு நன்மை செய்ய நினைத்தவர். "ஒரு போன் போட்டுக் கேட்டுடுவோமே. இல்லைன்னா நான் புது ஷீட்டே வாங்கிக்கிறேன். உங்க கூலியில ஒண்ணும் குறைக்க வேணாம்" என்றேன். அவர் முகம் சற்று வாடியது. எண்பது ஷீட் ஒட்டிய வீட்டில் இதை யார் கேட்பார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே எண்ணை அழுத்தினார். ஒலிபெருக்கியை அவரே போட்டுவிட்டார்.

வீட்டுக்காரர் ஒரு விவசாயி. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படி மிஞ்சுச்சா? எனக்குத் தெரியாதே" என்றார். ஆசாரி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆசாரியாரே, சாமி மாடத்துக்கு ஒரு சின்னக் கதவு வேணும்னு வீட்டுல ரொம்ப நாளா சொல்றாங்க. கதவோட சேர்ந்த மரம் கிடைக்காதேன்னு விட்டுட்டோம். ஒரு பட்டையை அதுக்கு வெச்சிருங்க. இன்னொண்ணை அந்தப் பாய்க்குக் குடுங்க. காசெல்லாம் வேணாம், கேட்டாரே, அது போதும்."

இப்படியாக எங்கள் கைக்கு வந்தது ஒரே ஒரு பட்டை. 96 அங்குல நீளம். ஆசாரி தரையில் சாக்கட்டியால் கணக்குப் போட்டார். பக்கவாட்டுகள் நான்கு, ஒவ்வொன்றும் 14 அங்குலம்: 56. மேற்பலகை இரண்டு, பத்துப் பத்து: 20. ஆக 76. முகப்புகளுக்கு மரம் போதாது. முகப்பைக் கறுப்பு வண்ணம் அடித்து, அதன்மேல் துணிச் சட்டம் மாட்டிவிடலாம் என்றார். கறுப்புத் துணி எப்படியும் முகப்பை மறைக்கத்தான் போகிறது. ஒளிந்து கிடக்கப்போகிற இடத்தில் தேக்கு எதற்கு என்று அவரே சொல்லிச் சிரித்தபோது எனக்கும் ஆறுதலாக இருந்தது. ஜோடி பொருந்துவதற்கும் வழி கண்டுபிடித்தார். பட்டையை வரிசையாக வெட்டி, முதல் துண்டை இடது பெட்டியின் வெளிப்பக்கத்துக்கும் இரண்டாவதை வலது பெட்டியின் வெளிப்பக்கத்துக்கும் கொடுத்தார். ஒரே வரிகள் ஒன்றின் தொடர்ச்சியாக மற்றொன்றில் ஓடுகின்றன.

வேலை நடந்தபோது பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். பலகையின் ஒரு பக்கம் மட்டும் தோல் ஒட்டினால், பருவம் மாறும்போது அது ஒருபக்கமாக இழுத்து வளைக்கும். அதனால் உள்பக்கத்திலும் விலை குறைந்த மரத்தோல் ஒன்றை ஒட்டினார். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. பாலிஷ் பிடிப்பதற்காக முதலில் தின்னர் நனைத்த துணியால் துடைத்தார். விளிம்புகளில் 4 மி.மீ. பிளைவுட்டின் அடுக்குகள் தெரியாமலிருக்கக் கால் அங்குலத் தேக்கு பீடிங் வைத்தார். உப்புத்தாள் தேய்க்கும்போது மட்டும் கை மெதுவாகச் சென்றது. அரை மில்லிமீட்டருக்குக் கீழே பிளைவுட் காத்திருக்கிறது. ஒருமுறை துளைத்துவிட்டால் திருத்த வழியில்லை.

பாலிஷைப் பற்றி ஒரு சகோதரர் முன்பே கேட்டிருந்தார்: பிரெஞ்சு பாலிஷில் அரக்கைக் கரைக்க ஸ்பிரிட் ஊற்றுகிறார்களே, கூடுமா என்று. அது குடிக்கும் பொருளன்று. பூசிய சிறிதுநேரத்தில் ஆவியாகிவிடும். மனத்தில் உறுத்தல் இருப்பவர்கள் தம் பகுதி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். அல்லது நாங்கள் செய்ததுபோல் பளபளப்பில்லாத பி.யு. பாலிஷ் அடித்துக்கொள்ளலாம். கண்ணாடிபோல் மின்னும் பாலிஷில் ஜன்னலின் நிழல் விழுந்து மரம் தெரிவதில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பட்டையில் இருபது அங்குலம் மிஞ்சியது. அதையும் மாடக் கதவுக்கான பட்டையோடு சேர்த்து அந்த வீட்டுக்கு அனுப்பிவிடச் சொன்னேன். "விடமாட்டீங்களே அஜரத்" என்றார் ஆசாரி. அத்துடன் அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாயும் விருத்தாசலத்து ஜாடி ஒன்றில் போயிற்று. சென்ற மாதம் ஆசாரியின் பட்டறைக்குப் போனபோது சுவரில் ஒரு சிலேட்டு தொங்கியது. எந்த வீட்டின் துண்டு எவ்வளவு மிச்சம் என்று அதில் சாக்கட்டியால் எழுதியிருந்தார். அதைப் பற்றி அவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெட்டிகள் இப்போது அலமாரிக்கு இருபுறமும் நிற்கின்றன. முதல் நாள் சூரா யூசுஃபை ஓடவிட்டோம். அம்மா நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். பிறகு, "மூச்சு விடுறது கேக்குது" என்றார்கள்.

ஆசாரி போகும்போது ஓர் எச்சரிக்கை சொல்லிவிட்டுப் போனார். புதுத் தேக்கு வெளிச்சத்தில் நிறம் மாறும். சில மாதங்களில் பொன்பழுப்பாகிப் பழைய அலமாரியின் நிறத்தை நெருங்கும். அதுவரை மேலே எதையும் விரிக்கக் கூடாது; விரித்தால் மூடிய இடம் வெளுத்தே நின்றுவிடும். நான் மதரஸாவிலிருந்து திரும்பி வந்து பார்த்தேன். இரண்டு பெட்டிகளின் மேலும் அம்மா தாம் பின்னிய வெள்ளைப் பூவேலை விரிப்பை ஒன்றுபோல் மடித்துப் போட்டிருந்தார்கள்.